செல்லூரில் எல்லோரும் ஒன்பது போட்டார்கள்

பெட்டியில் என்ன என்று மதுரையில் இறங்கிய அன்றே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "படிக்கிற சாமான்" என்றேன். டீக்கடையில் "லேப்டாப்" என்றேன். மூன்றாவதாகக் கேட்டவர் லாட்ஜ் மேனேஜர். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டதால் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று, "இதயம், நுரையீரல், சிறுநீரகம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மாடியில் காற்றோட்டமான அறை இருப்பதாகச் சற்று முன் சொன்னவர், இப்போது கீழேயே தங்குங்கள், கண் பார்வையில் இருந்தால் நல்லது என்றார். நான்காவது ஆள் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒச்சு. நான் வாயைத் திறப்பதற்குள், "வெளிநாட்டுச் சாமான். குலுங்காம ஓட்டுறேண்ணே" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பத்து நாளும் அவர் ஆட்டோவில்தான் போனேன். குலுங்காமல் ஒரு நாளும் போகவில்லை.

நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சாமான்களைப் பார்த்துக்கொள்பவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் ரேடியோ ரிப்பேர் கடையும், பழைய புத்தகங்களும், வருகிறவர் போகிறவர் பேச்சும்தான் படிப்பு. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் சட்டைப் பை நோட்டில் குறித்துக்கொள்வேன். எங்கள் கூடத்தில் டாக்டர் லிம் என்று ஒரு அம்மா. ஒரு லேப்டாப், தாங்கியில் மாட்டிய ஒரு கேமரா, பன்னிரண்டு அட்டைகள், இவ்வளவையும் வைத்து ஒரு பாடக் கருவி செய்திருந்தார். அட்டையில் தடித்த கறுப்புச் சட்டம், உள்ளே ஒரு குறி, அவ்வளவுதான். அதைக் கேமராவுக்குக் காட்டினால் திரையில் உங்கள் கையும் தெரியும், அட்டையும் தெரியும், அட்டைக்கு மேல் ஓர் இதயம் நின்று துடிப்பதும் தெரியும். அட்டையைத் திருப்பினால் இதயம் திரும்பும். எடுத்துவிட்டால் மறைந்துவிடும். ஆக்மென்டட் ரியாலிட்டி என்பது இதன் பெயர். எனக்கு வாயில் நுழைய ஆறு மாதம் ஆனது. எழுந்து நிற்கிற படம் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் லிம்முக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, இதில் படிக்கும்போது மனம் எவ்வளவு உழைக்கிறது. தாளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை கட்டம். இரண்டு, கையாள எவ்வளவு சுலபம். அதற்கு ஏழு கட்டம். உழைப்பு குறைவாகவும் சுலபம் அதிகமாகவும் வந்தால் கருவி நல்ல கருவி. பினாங்குப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் நடுக்கட்டத்தில் போட்டார்கள். எங்கள் ஊரில் நடுவில் போட்ட பிள்ளையை யாரும் திட்டியதில்லை. எனவே வேறு ஊரில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. டாக்டர் லிம்முக்கு அது பேறுகால மாதம். தமிழ் பேசத் தெரிந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். முதல் கேள்விக்குக் குறைந்த எண் வந்தால் கருவியை அந்தப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரலாம். அதிகமாக வந்தால் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கஷ்டம் கொடுக்கிற சாமானை ஒரு பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டக்கூடாதாம். படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் மாலை பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ரொட்டி சானாய்க்கு அது அண்ணன் முறை. இன்னும் கொஞ்சம் முரடு, இன்னும் கொஞ்சம் எண்ணெய். சால்னாவை நான் கேட்கவில்லை, அவராகவே ஊற்றினார். போதும் என்று கை காட்டினேன். போதும் என்பதற்கு அந்த ஊரில் வேறு ஏதோ சைகை இருக்க வேண்டும், இன்னும் ஊற்றினார். எனக்குப் பின்னால் ஒருவர் என் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பினாங்கில் இப்படி நின்றால் சண்டை வரும். இவரோ நான் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யோசனை சொன்னார். "பிச்சுப் போட்டு ஊற விடுங்கண்ணே, அவசரமில்ல, நான் நிக்கிறேன்."

மறுநாள் காலை ஒச்சு வந்தார். வழியில் ஒரு வண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்தி விதையிலிருந்து பால் எடுத்துச் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சியது. கோப்பி குடித்துப் பழகிய எனக்கு முதல் மடக்கில் மருந்து போலவும் மூன்றாவதில் பலகாரம் போலவும் இருந்தது. பாலத்தில் ஏறியபோது ஆற்றை எங்கே காணோம் என்று கேட்டேன். கீழே மாடுகளும் காயப்போட்ட துணிகளும் மட்டும் இருந்தன. "இதாண்ணே ஆறு. தண்ணிதான் வெளியூர் போயிருக்கு" என்றார் ஒச்சு. நோட்டை எடுத்தேன்.

செல்லூரில் விசைத்தறிச் சத்தம். ஒவ்வொரு சந்திலும், ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும். முதல் அரை மணி நேரம் பல்லில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் போன இடம் சந்துகளுக்கு நடுவே ஒரு பெண்கள் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் பத்மாவதி டீச்சர். ஐம்பதை ஒட்டிய வயது. தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு சுருதி வைத்துப் பேசுவார். சத்தம் நின்றாலும் அந்தச் சுருதி இறங்காது. வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை. பள்ளிக்கூட உதவியாளர் சரோஜா அக்காவும் அந்த பாஷைக்காரர்தான் என்பதால் இருவரும் தங்களுக்குள் அதிலேயே பேசிக்கொண்டார்கள்.

டீச்சர் முதலில் சுவரில் மாட்டிய இதயப் படத்தைக் காட்டினார். படத்தில் இடப்பக்க அறை வலப்பக்கம் இருக்கும். எதிரில் நிற்கிறவருடைய இதயம் என்று கணக்கு. பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் எழுதுகிறார்களாம். "இருவத்திரெண்டு வருசமா இந்தப் படத்தோட மல்லுக்கட்டுறேன் சார். படம்தான் ஜெயிக்குது."

நான் கருவியை மாட்டி, அட்டையைப் பாண்டிச்செல்வி என்ற பிள்ளையிடம் கொடுத்தேன். பினாங்கில் பிள்ளைகள் அட்டையை மேசையில் வைத்துத் திருப்புவார்கள். அப்படித்தான் செய்முறைத் தாளிலும் எழுதியிருந்தது. இந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் பதித்து, கேமராவுக்கு நேரே நின்றது. திரையில் அவள் சீருடை மேல் இதயம் துடித்தது. இடக்கையால் இடப்பக்கத்தைத் தொட்டு, "டீச்சர், இந்த ரூம்பு எனக்கு எடது. பாக்குறவுகளுக்குத்தான் வலது" என்றாள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது இங்கயே இருக்குமா சார்?"

நிபந்தனையைச் சொன்னேன். பிள்ளைகளுடைய தாளில் முதல் எண் குறைவாக வந்தால் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கேள்வி, எத்தனை கட்டம் என்பதை முன்னால் சொல்லக்கூடாது என்பது டாக்டர் லிம் உத்தரவு.

அதோடு கரண்ட் போனது. லேப்டாப்பின் பாட்டரி பெயருக்குத்தான் என்பதால் இதயமும் போனது. அந்த வருஷம் மதுரையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. செல்லூரில் அது எப்படி என்றால், நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நொடியில் வாயை மூடும். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கத்தின வாக்கியத்தின் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். பத்மாவதி டீச்சர் சரோஜா அக்காவிடம் சௌராஷ்டிரத்தில் சொன்னது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னார். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளோடு பேசிப் பேசி அந்த பாஷை தெரிந்துவைத்திருந்த பாண்டிச்செல்வி பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள்: "இவர் பார்க்க நல்லவராகத்தான் இருக்கிறார். நாளைக்குப் புளியோதரை கொண்டு வா, வைத்துப் பார்ப்போம்."

புளியோதரை வந்தது. பத்து நாளில் நான் சாப்பிட்டதில் அதற்குத்தான் முதலிடம். நிபந்தனையை மட்டும் அதனால் மாற்ற முடியவில்லை.

அதற்கடுத்து இரண்டு நாள் சரஸ்வதி பூஜை விடுமுறை. கருவியைப் பள்ளி அறையில் வைத்துப் பூட்டி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். அதைவிடக் குறைவாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஒச்சு தன் ஊருக்குக் கூப்பிட்டார். அலங்காநல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். பூஜைக்கு ஆட்டோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்ததால் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெரியவில்லை. முன்னாலும் மாலை தொங்கியது. இன்றைக்கு எல்லா வண்டிக்கும் இதே நிலைமைதான், அதனால் எல்லோரும் பார்த்து வருவார்கள் என்று ஒச்சு சமாதானம் சொன்னார். எங்கள் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். இங்கே கரும்பு, வரிசையை மறைத்துக்கொண்டு நின்றது. நடுவழியில் ஒரு பஸ், அதுவும் வாழைக்கன்றோடு, எங்களை உரசிக்கொண்டு போனதில் எங்கள் கன்று ஒன்று அவர்களோடு போய்விட்டது. ஒச்சு இறங்கிப் பார்த்துவிட்டு, "போகட்டும், இந்தப் பக்கமாச்சும் கண்ணு தெரியும்" என்றார்.

அவர் வீட்டில் சாப்பிடும்போது கருவியைப் பற்றி விளக்கினேன். கஷ்டமில்லாமல் பாடம் ஏறுவதற்கு ஒரு வழி என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார். "கஷ்டப்படாமப் படிக்கிறதுக்கு மிஷினாண்ணே? படிச்சேன்னு எப்படி நம்புறது?" அவர் மனைவியும் உள்ளேயிருந்து அதையே வேறு வார்த்தையில் கேட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

பள்ளி திறந்த அன்று போனால் அறையில் சந்தன மணம். லேப்டாப் மூடி மேல் சந்தனம், நடுவில் குங்குமம். மவுஸுக்குப் பொட்டு. வயருக்குப் பூ. கேமராவின் கண்ணாடிக்கு நேர் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, அதை வைத்தவர் கை நடுங்காதவர். பன்னிரண்டு அட்டைகளுக்கும் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அடுக்கி, மேலே ஒரு பூ.

"எல்லாத்துக்கும் சரோஜா வச்சா. இதுக்கு மட்டும் நான் என் கையால வச்சேன் சார்" என்றார் பத்மாவதி டீச்சர். "படிக்கிற சாமான் இல்லையா. அதுவும் இங்க நிக்கணுமே."

கேமரா அட்டையைக் கண்டுகொள்வது அந்தக் கறுப்புச் சட்டத்தின் நான்கு மூலையை வைத்துத்தான். மூலை தெரியாவிட்டால் அதற்கு அட்டையே இல்லை. பளபளப்பு உறை போட்டால் டியூப் லைட் பட்டுக் கூசும் என்று வெறும் காகிதமாகவே விட்டிருந்தோம்; சந்தனம் நன்றாக ஊறிப் போயிருந்தது. டாக்டர் லிம்மின் தாளில், கையாள எவ்வளவு சுலபம் என்பதற்கு ஏழு கட்டம் இருந்தது. இதற்கு எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. டீச்சரிடம் கோபப்படவும் முடியவில்லை. என் வாழ்நாளில் நான் பழுது பார்த்த எந்தச் சாமானையும் யாரும் அவ்வளவு மரியாதையாகக் கெடுத்ததில்லை.

விஷயம் புரிந்ததும் டீச்சர் முகம் சிறுத்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனா வைத்திருப்பவர்கள் எல்லாம் எழுந்து வாருங்கள் என்றார். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து மூலை மூலையாகக் கறுப்படித்தார்கள். கறையான வெள்ளைப் பகுதிக்குச் சாக்பீஸ் தேய்த்தார்கள். மதியத்துக்குள் இதயம் பிழைத்தது. ஒரு சிறுநீரகமும் பிழைத்தது. நுரையீரல் பிழைக்கவில்லை.

அன்று மதியமும் மறுநாள் காலையுமாக எட்டாம் வகுப்பு ஏ பிரிவு முழுக்க இதயத்தைப் பார்த்து முடித்தது. தாள்களைக் கொடுத்து வாங்கினேன். அடுக்கிப் பார்த்தேன். மனம் எவ்வளவு உழைத்தது என்ற கேள்விக்கு எல்லோரும் ஒன்பது. கையாள எவ்வளவு சுலபம் என்பதற்கு எல்லோரும் ஏழு. அதாவது, மிக மிகச் சுலபமான ஒரு பொருளை வைத்து மிக மிகக் கஷ்டப்பட்டிருந்தார்கள்.

பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு, உண்மையிலேயே அவ்வளவு உழைத்தாயா என்று கேட்டேன்.

"ஒன்னு, ரெண்டுன்னு போட்டா சும்மா உக்காந்து வேடிக்கை பாத்தேன்னு அர்த்தம் சார். டீச்சர் பாத்தா என்ன நெனைப்பாக?"

"சரி, சுலபம் என்பதற்கு ஏன் ஏழு?"

"கஷ்டமா இருந்துச்சுன்னு போட்டா ஒங்களுக்கு மனசு சங்கடமா இருக்கும்ல. அம்புட்டு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்திருக்கீக."

தாள்களைப் பார்த்த பத்மாவதி டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீகளா, ஒருத்திகூட ஒம்பதுக்குக் கொறையல." நான் அவரை உட்காரச் சொல்லி, ஒன்பது வந்தால் பிள்ளைகளுக்குக் கஷ்டம் கொடுக்கிற சாமான் என்று கருவி போய்விடும் என்பதைச் சொன்னேன். முதல் எண் குறைவாக வர வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேனே, அந்த எண் இதுதான் என்றேன்.

அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. பையில் இன்னொரு கட்டு வெற்றுத் தாள் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கேள்வியை இன்னொரு தடவை விளக்கிச் சொல்லிப் புதிதாகப் போடச் சொல்லலாமே என்றேன். எனக்கு அதில் பெரிய தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. தோன்றாதது போல இருந்தேன் என்றும் சொல்லலாம்.

"வெளக்குறதுன்னா எந்த நம்பர் போடணும்னு சொல்றதுதானே சார்" என்றார் டீச்சர். "அதுக்கு எங்க ஸ்கூல்ல காப்பின்னு பேரு. இம்புட்டு வருசம் பரீட்சை ஹால்ல நின்னுக்கிட்டு அதைப் பிடிச்சதுதான் என் வேலை."

வெற்றுத் தாளைப் பையில் வைத்தேன்.

வராந்தாவில் சரோஜா அக்கா கீழே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தலையைத் தூக்காமல் சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை சரியாகவே மொழிபெயர்த்தார்: "பூக்கட்டும்போது சாதாரணமாகப் பேசலாம், சண்டைகூடப் போடலாம், கை தன் பாட்டுக்குப் போகும். கஷ்டமான யோசனை வந்தால் மட்டும் கை நின்றுவிடும். மனசு உழைக்கிறதா என்று மனசையே கேட்டால் அது மரியாதைக்குப் பொய் சொல்லும். கையைப் பார்க்க வேண்டியதுதானே."

டாக்டர் லிம் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார், ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றைப் படிக்கச் சொல்லி மன உழைப்பை அளப்பது உண்டு என்று. அதற்குப் பொத்தான் வைத்த பெட்டி, விளக்கு, நேரம் குறிக்கும் கருவி எல்லாம் வேண்டும். பெட்டியைச் செய்யச் சொல்லிக் கேட்டு வரைபடம்கூடக் கொடுத்திருந்தார். நான்தான் இன்னும் செய்யவில்லை.

மறுநாள் காலை ஒச்சு பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு பை உதிரிப் பூவும் நாரும் வாங்கி வந்தார். பூஜை முடிந்துவிட்டதால் பூ மலிந்து கிடந்தது. கருவியைப் பார்த்தேயிராத எட்டாம் வகுப்பு பி பிரிவைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேர் சுவர்ப் படத்தைப் பார்ப்பார்கள், பாதிப் பேர் எழுந்து நிற்கிற படத்தை. பூக்கட்டுகிறவளுக்குக் கை ஒழியாது என்பதால் அட்டையைத் திருப்பிக் காட்டும் வேலை பாண்டிச்செல்விக்கு. பூக்கட்டத் தெரியாது என்று இரண்டே இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். வகுப்பே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஆளுக்கு ஒரே அளவு பூ, ஒரே அளவு நேரம். பிறகு இடம் வலம் பற்றி ஐந்து கேள்வி. கட்டிய சரத்தை டீச்சர் முழம் போட்டு அளப்பார். ஸ்கேல் வைத்து அளக்கலாமே என்றேன். பூவை ஸ்கேலில் அளப்பதா என்று சரோஜா அக்கா தமிழிலேயே கேட்டார்.

அந்த ஒரு காலை நேரம் பத்மாவதி டீச்சர் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன். படம் பார்க்கிற பிள்ளைகளின் கை நிற்க வேண்டும், கருவி பார்க்கிற பிள்ளைகளின் கை ஓட வேண்டும். அப்படி நடந்தால் கருவி இங்கேயே இருக்கும். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் எந்த ஜாடையும் காட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நேர்மாறாக நடந்தது. சுவர்ப் படத்தைப் பார்த்தவர்கள் நிற்காமல் கட்டினார்கள். சரம் மடியில் சுருண்டு விழுந்தது. எழுந்து நிற்கிற படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு பூ வைப்பார்கள், முடிச்சைப் பாதியில் விட்டு, நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். "அங்கிட்டுத் திருப்புடி, அந்தக் குழாய் எங்க போகுதுன்னு காட்டு" என்று பாண்டிச்செல்வியை ஏவுவார்கள். ஒருத்தி மொத்தமே ஏழு பூ. அதில் ஒன்று தலைகீழ்.

டீச்சர் முழம் போட்டார். நான் எழுதினேன். ஏ பிரிவுப் பிள்ளைகள் மரியாதைக்காகப் போட்ட ஒன்பது உண்மையான ஒன்பதுதான் போலிருந்தது. பிறகு விடைத்தாள்களைத் திருத்தினார். சுவர்ப் படத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் எழுதுகிற மாதிரியே இடத்தை வலம் என்று எழுதியிருந்தார்கள். கருவி பார்த்தவர்களில் பெரும்பாலோர் சரியாக எழுதியிருந்தார்கள். தலைகீழ்ப் பூக்காரி ஐந்துக்கு ஐந்து.

"முழத்தையும் எழுதுங்க, மார்க்கையும் எழுதுங்க" என்றார் டீச்சர். "படத்தைப் பாத்தவளுக கை நிக்கவே இல்ல. ஏன்னா அவளுக யோசிக்கவே இல்ல, மனப்பாடமா தெரியும்னு நெனப்பு. இவளுக யோசிச்சாளுக, கை நின்னுச்சு." சிவப்புப் பேனாவை மூடினார். "கஷ்டம் குடுக்குற சாமானை ஸ்கூல்ல விடக் கூடாதுன்னு ஒங்க மேடம் சொல்றாகன்னா, அந்தப் பொட்டியில என்னையும் வச்சுக் கொண்டுபோயிரச் சொல்லுங்க சார். இருவத்திரெண்டு வருசமா அதைத்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அன்று மாலை கோரிப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் டாக்டர் லிம்முக்கு எழுதினேன். ஒன்பதும் ஏழும், பூவும் முழமும், சந்தனமும் குங்குமமும், டீச்சர் கடைசியில் சொன்னதும். என் ஆங்கிலம் ரேடியோ கடை ஆங்கிலம். முழம் என்பதை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்று விளக்குவதற்கு நான்கு வரி ஆனது. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் காலை வரை இல்லை. அன்று மாலை நான் கிளம்ப வேண்டும். நிபந்தனை நிபந்தனைதான் என்று பெட்டியைக் கட்டப் போனேன். கட்டியது நானில்லை; பத்மாவதி டீச்சர்தான் கட்டினார். வயரைச் சுற்றி, கேமராவைத் துணியில் பொதிந்து, பிழைத்த அட்டைகளையும் பிழைக்காத அட்டைகளையும் தனித்தனியாக வைத்தார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சரோஜா அக்கா வழிக்கு என்று புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, பசியும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒச்சுவை பிரவுசிங் சென்டர் வாசலில் நிறுத்தச் சொன்னேன். பதில் வந்திருந்தது. அச்செடுத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன். "எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே செல்லூருக்குத் திருப்பினார்.

வகுப்பு முடிகிற நேரம். தாளை டீச்சரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அவர் பிள்ளைகளுக்கும் சரோஜா அக்காவுக்குமாகத் தமிழில் மெதுவாகப் படித்தார், டாக்டர் லிம்மே பேசுவது போல: பெண் குழந்தை, இருவரும் நலம். உழைப்பில் இரண்டு விதம் உண்டு, களைக்க வைப்பது ஒன்று, கற்க வைப்பது ஒன்று. என் தாளில் இரண்டுக்கும் ஒரே வரிசைக் கட்டம் வைத்தது என் தப்பு. முதல் நாள் கை நின்றது யோசனையாலா, ஆச்சரியத்தாலா என்று ஒரு நாளில் தெரியாது. ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும். கருவி அங்கேயே இருக்கட்டும். நிபந்தனையைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். மாதம் ஒரு தடவை பூக்கட்டி அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அளந்தது யாருடைய கை? எப்போதும் அந்த ஒரே கையால்தான் அளக்க வேண்டும். அதன் நீளம் எவ்வளவு என்று உடனே தெரிவிக்கவும்.

டீச்சர் கடைசி மூன்று வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை, சத்தம் போடாமல், தனக்காகப் படித்துக்கொண்டார். தாளை மடித்து மேசையில் வைத்தார். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, வலது முழங்கையை மேசை மேல் ஊன்றி, விரல்களை நீட்டினார். சரோஜா அக்கா தையல் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அளந்தேன். பதினேழேகால் அங்குலம். எழுதிக்கொண்டு, கையை எடுத்துக்கொள்ளலாம் டீச்சர் என்றேன்.

அவர் எடுக்கவில்லை.

"இன்னொருக்க அளங்க சார். தப்பு வந்துறக் கூடாது."